சட்டப்படி ஓடிய பஸ்கள்

பஸ் சேவையில் டைம்கீப்பர், இன்ஸ்பெக்டர் என்று புதிதாகப் பொறுப்பெடுத்த தம்பிமார் இடைக்கிடை என்னைப் பார்க்க வருகிறார்கள். தேநீர் ஆறுவதற்குள் கேள்வி வந்துவிடும்: "ஆட்களிடம் வேலை வாங்குவது எப்படி?"

அது பெரிய வித்தை அல்ல என்று சொல்வேன். சம்பளம் கொடுத்தால் வேலை வரும். ஆனால் சம்பளத்தில் அடங்காத ஒன்றையும் ஆட்கள் தாமாகக் கொண்டுவந்து தருகிறார்கள். அதைக் கேட்டு வாங்க முடியாது. தெரியாமலே இழந்துவிட மட்டும் முடியும். நான் வேலை செய்த இடத்தில் அதை ஒருமுறை முழுக்க இழந்தோம். பாதியளவு திரும்பப் பெற்றோம். அந்தப் பாதி எப்படி வந்தது என்பதை உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன். டிக்கெட், டயர், எஞ்சின் சமாசாரங்களை வேறு ஆட்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள்.

ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் கடைசியில் கெலிஓயா முதலாளி ஒருவரிடம் கொண்டக்டராகச் சேர்ந்தேன். பெயரைச் சொல்ல மாட்டேன். தன் பெயர் அடிபடுவதை அவர் விரும்பியதில்லை. அவரிடம் சில பஸ்கள் இருந்தன. அக்காலத்துப் பஸ் என்றால் லொறிச் சட்டத்தின் மேல் பலகைக் கூடு கட்டி, உள்ளே உட்கார வாங்குகள் போட்டு, மழைக்குப் பக்கவாட்டில் படங்குச் சீலை தொங்கவிட்டது. என்னை வேலைக்கு எடுத்தபோது அவர் சொன்னதெல்லாம், "பொய் செல்ல வேணாம், சனத்தோட சண்ட பிடிக்க வேணாம்" என்பது மட்டும்தான். வேறு நிபந்தனை இல்லை.

என்னைத் தெல்தோட்டை பஸ்ஸில் போட்டார். அதன் டிரைவர் காசிம் நானா. நானா என்றால் எங்கள் வழக்கில் அண்ணன். என்னைவிட நன்றாக மூத்தவர், கலஹாவில் குடும்பத்தோடு இருந்தவர். ஓட்டம் முடிந்தால் பஸ் அவர் வீட்டு வாசலிலேயே நிற்கும். விடியற்காலையில் அவர் சாக்கை விரித்துப் பஸ்ஸுக்கு அடியில் படுத்து பிரேக் கம்பிகளைத் தட்டிப் பார்ப்பதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். யாரும் அவரிடம் அப்படிப் பார்க்கச் சொன்னதில்லை. வழியில் நோயாளி நின்றால் நிறுத்துவார், சாராயம் குடித்தவன் நின்றால் நிறுத்த மாட்டார். எங்கே நிறுத்தினாய், ஏன் பிந்தினாய் என்று முதலாளியும் கேட்டதில்லை. சனங்கள் அதை முதலாளியின் பஸ் என்று சொல்வதில்லை. "காசிம் நானாட பஸ் போயிட்டா?" என்றுதான் கேட்பார்கள்.

ஒரு மழைநாள் ஹிந்தகலைப் பக்கம் பஸ் வழுக்கி றோட்டோர வடிகானுக்குள் இறங்கிவிட்டது. சிராய்ப்புகளோடு எல்லாரும் தப்பினோம். பஸ்ஸின் முகம்தான் நசுங்கிப்போனது. செய்தி கேட்டு முதலாளி வாடகைக் காரில் வந்து சேர்ந்தார். காசிம் நானா தலையைக் குனிந்துகொண்டு றோட்டோரத்தில் நின்றார்.

"ஆள் யாருக்கும் ஒண்டும் ஆகல்லயா?" என்று முதலாளி கேட்டார்.

"இல்ல முதலாளி. பஸ்தான்..."

"பஸ்ஸ நான் கேக்கல்ல."

ஊரார் கயிறு கட்டிப் பஸ்ஸை மேலே இழுத்துப் போட்டார்கள். எஞ்சின் ஓடியது. முதலாளி வந்த காரைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பஸ்ஸின் முன்வாங்கில் ஏறி உட்கார்ந்தார்.

"காசிம், எடு. என்ன ஊட்டுக்குக் கொண்டு விடு."

"கை நடுங்குது முதலாளி. வேற ஆரும் ஓட்டட்டும்."

"இண்டைக்கி ஓட்டாட்டி நாளைக்கும் நடுங்கும். எடு."

கெலிஓயா வரை முதலாளி ஒரு சொல்லும் பேசவில்லை. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டு வந்தேன். காசிம் நானாவின் தோள் மெல்ல மெல்ல இறங்கி இயல்புக்கு வந்தது. அவர்கள் இருவருக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் இருந்ததென்றால் அது அன்றுதான் எழுதப்பட்டது. கடதாசியும் இல்லை, பேனையும் இல்லை. இருவருக்கும் அதன் ஒவ்வொரு வரியும் தெரியும்.

முப்பதுகளில் நிலைமை மாறியது. ஒரே சந்தியில் நாலு முதலாளிமாரின் பஸ்கள் ஆட்களைப் பிடிக்கச் சண்டையிட்டன. ஒன்றை ஒன்று முந்த ஓடி வளைவுகளில் உயிர்கள் போயின. சிறு முதலாளிமார் பலர் கடனில் மூழ்கினார்கள். கடைசியில் எங்கள் முதலாளியும் இன்னும் சிலரும் பஸ்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு கம்பெனி ஆக்கினார்கள். அது தேவையான மாற்றம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பழைய காலம் பொற்காலம் என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவர் அந்த வளைவுகளில் பிணம் தூக்காதவர்.

கம்பெனிக்கு ஒரு மனேஜர் வந்தார். யாழ்ப்பாணத்தவர், கொழும்பில் ஒரு கப்பல் கம்பெனிக் கந்தோரில் வேலை பார்த்தவர். நேர்மையான மனிதர். யாருக்கும் சலுகை காட்ட மாட்டார், யாரையும் தூற்றவும் மாட்டார். வந்த சூட்டோடு மாதச் சம்பளத்தை நிலையாக்கினார். வாரத்தில் ஒருநாள் ஓய்வு கொடுத்தார். டிரைவர்மாருக்குக் காக்கி உடுப்பு தைத்துக் கொடுத்தார். இதெல்லாம் எங்கள் முதலாளி கனவிலும் செய்யாதவை. என்னைக் கண்டியில் சந்தைக்குப் பக்கத்து பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக உட்காரவைத்ததும் அவர்தான்.

பிறகு விதிகள் வந்தன. எல்லாப் பஸ்களும் ஓட்டம் முடிந்தால் கண்டி கராஜில் நிற்க வேண்டும். எந்த டிரைவருக்கும் சொந்தமாக ஒரு பஸ் இல்லை. அன்றன்று முறைப்படி எது வருகிறதோ அதை ஓட்ட வேண்டும். வெள்ளை பூசிய கம்பம் நட்ட இடத்தில் மட்டும் நிறுத்தலாம். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் தெளிவான காரணம் இருந்தது. டிரைவர்மாரைக் கூட்டி அந்தக் காரணங்களை மரியாதையாக விளக்கிச் சொன்னார்.

காசிம் நானா சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"உங்களுக்கு ஏதும் சொல்ல இருக்கோ?" என்று மனேஜர் கேட்டார்.

"இல்ல சேர். சரி."

மற்ற டிரைவர்மாரும் ஒவ்வொருவராகச் சரி என்றார்கள். மனேஜருக்குத் திருப்தி. இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், தம்பிமாரே. மாற்றம் வரும்போது சண்டை பிடிக்கிற ஆளைக் கண்டு பயப்படாதீர்கள். அவன் இன்னும் உள்ளே இருக்கிறான், கதவைத்தான் தட்டுகிறான். சரி என்று ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கிற ஆளைக் கவனியுங்கள். அன்றிலிருந்து காசிம் நானா என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. "டைம்கீப்பர்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

சில மாதங்களில் பஸ்கள் மலையில் நிற்கத் தொடங்கின. றேடியேட்டரில் தண்ணீர் வற்றியிருக்கும். பிரேக் தளர்ந்திருக்கும். நேற்று ஓட்டியவருக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கும், ஆனால் இன்று ஓட்டுபவரிடம் அவர் சொல்லியிருக்க மாட்டார். மனேஜர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். கோபமில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார்.

"சம்பளம் கூட்டிக் குடுத்தனான். ஓய்வு குடுத்தனான். முந்தி ஆரும் இப்பிடிக் குடுக்கேல்லை. பிறகேன் பஸ் மலையில நிண்டு போகுது?"

"முந்தி டிரைவர் விடிய எழும்பி பஸ்ஸுக்குக் கீழ படுத்துப் பார்ப்பார், சேர். இப்ப பார்க்கிறதில்ல."

"அப்ப பாக்கச் சொல்லி உத்தரவு போடுவம்."

"முந்தியும் உத்தரவு இருக்கல்ல, சேர்."

"உத்தரவில்லாமல் எதுக்காகப் பாத்தவை?"

"அவங்கட பஸ் எண்டு நினைச்சாங்க."

"அது அவையின்ர பஸ் இல்லையே."

"இல்லதான். நினைச்சாங்க."

அவர் யோசித்தார். அந்த யோசனை உத்தரவாகவே முடிந்தது. காலையில் பஸ்ஸைப் பார்த்தேன் என்று டிரைவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பஸ்கள் தொடர்ந்து மலையில் நின்றன.

இனி நடந்ததுதான் என்னால் இன்றும் மறக்க முடியாதது.

நேரம் பிந்துகிறது என்ற முறைப்பாட்டைப் பார்க்க ஒருநாள் நானே தெல்தோட்டைக்குப் போய், பிற்பகல் பஸ்ஸில் கண்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அன்று அந்த முறை காசிம் நானாவுக்கு விழுந்திருந்தது. நான் அவருக்குப் பக்கத்து முன்வாங்கில் இருந்தேன். மழை விட்டு வெயில் வந்திருந்தது. தெல்தோட்டையைத் தாண்டி ஒரு வளைவில் சில தேயிலைத் தோட்டத்து ஆட்கள் றோட்டுக்கு இறங்கி நின்று கைகாட்டினார்கள். கம்பளியில் ஓர் ஆளைத் தூக்கி வைத்திருந்தார்கள். கம்பளியின் ஒரு பக்கம் கறுத்து நனைந்திருந்தது. ஒரு பெண் றோட்டின் நடுவுக்கே வந்துவிட்டாள்.

அங்கே வெள்ளைக் கம்பம் இல்லை.

காசிம் நானா ஹோர்ன் அடித்து, அந்தப் பெண் ஒதுங்கியதும் கடந்து போனார். போகிறபோதே முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதில் ஒன்றுமே இருக்கவில்லை.

"நானா, நிப்பாட்டுங்க."

"சட்டம் உங்கட. நீங்க செல்லுங்க, நிப்பாட்றன்."

"செல்றன். என்ட பேர்ல நிப்பாட்டுங்க."

வளைவுக்குக் கீழே பஸ் நின்றது. அவர்கள் காயக்காரனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி தொடையில் இறங்கியிருந்தது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் துணியால் இறுக்கிக் கட்டி, உடனே கண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாராம். தோட்டத்து லொறியோ தேயிலைப் பெட்டிகளோடு ஸ்டேசனுக்குப் போயிருந்தது. றோட்டை மறித்து நின்ற பெண் அவன் மனைவி ராமாயி.

"ரெத்தம் நிக்க மாட்டேங்குதுங்க," என்று மட்டும் சொன்னாள். அழக்கூட இல்லை.

பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து வாங்கைக் காலியாக்கினார்கள். நான் காசிம் நானாவிடம், "இனி எந்தக் கம்பத்திலயும் நிப்பாட்ட வேணாம்," என்றேன். அவர் தலையை ஆட்டினார். அந்த மலையில் அவர் அன்று ஓட்டிய ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. வேகமாக ஓட்டினார், ஆனால் காயக்காரன் உலுக்குப்படவில்லை. கலஹாவில் கம்பத்தடியில் நின்றவர்கள் கைகாட்டிக் கத்தினார்கள். ஹிந்தகலையிலும் அப்படியே. பேராதனையில் ஒரு தோட்டத்துக் கிளார்க் பெட்டியோடு றோட்டுக்கு ஓடிவந்து திட்டியது காதில் விழுந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரை பஸ் நிற்கவில்லை.

அவன் பிழைத்துக்கொண்டான். நாலைந்து மாதம் கழித்து அதே றோட்டில் தாங்கித் தாங்கி நடந்து போனதைக் கண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ்ஸின் வாங்கைக் கழுவிக்கொண்டிருந்தபோது காசிம் நானாவிடம் கேட்டேன்: "நானா, நான் பஸ்ஸில இல்லாட்டி நிப்பாட்டியிருப்பீங்களா?"

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"தெரியல்ல," என்றார். "முந்தி எண்டா யோசிச்சே ஈக்க மாட்டன். இண்டைக்கி முதல்ல கம்பத்தத்தான் பார்த்தன். ஆள் ரெண்டாவதாத்தான் கண்ணுல பட்டுது. அதுதான் எனக்குப் பயமா ஈக்கி."

ஒரு நிறுவனம் தன் ஆட்களிடமிருந்து எதைப் பறிக்க முடியும் என்பதை அன்று நேரில் கண்டேன். சம்பளம் குறையவில்லை. யாரும் அவரைக் கேவலமாகப் பேசவில்லை. அவருடைய தீர்ப்பு இனித் தேவையில்லை என்று சொன்னோம். அவரும் அதைக் கழற்றிச் சாவியோடு சேர்த்து மேசையில் வைத்துவிட்டார்.

அடுத்த நாள் மனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். பேராதனைக் கிளார்க் றெயிலைத் தவறவிட்டு முறைப்பாடு எழுதியிருந்தார். மனேஜர் கேட்டுவிட்டு, "நீர் சரியாத்தான் செய்தீர்," என்றார். பிறகு, "ஆனால் இண்டைக்குக் காயம் எண்டு நிப்பாட்டுவம், நாளைக்குக் கலியாண வீடு எண்டு நிப்பாட்டுவினம். எங்கை கோடு போடுறது?" என்றார். அவர் பயந்தது நடக்கவும் செய்தது. அதே கிழமை கம்பளைக்கு ஓடும் பஸ் ஒன்று டிரைவரின் சொந்தக்காரருக்காகப் பாதி வழியில் நின்று பலகாரக் கூடைகளை ஏற்றியது. அதோடு மனேஜர் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டினார். எக்காரணம் கொண்டும் கம்பம் இல்லாத இடத்தில் பஸ் நிறுத்தப்படக் கூடாது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. பலகாரம் ஏற்றிய டிரைவருக்கும் எனக்கும் ஒரே நீதி வேண்டுமாம்.

டிரைவர்மார் அறிவித்தலைப் படித்தார்கள். எக்காரணம் கொண்டும் என்ற சொற்களைக் காசிம் நானா இரண்டாம் முறையும் வாசித்தார். எல்லாரும் சரி என்றார்கள்.

நான் கெலிஓயாவுக்குப் போய் முதலாளியைக் கண்டேன். கம்பெனியில் அவரும் ஒரு பங்காளி அல்லவா, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் தலையை அசைத்தார்.

"நான் செல்லலாம். அவங்களும் எனக்காகக் கேப்பாங்க. நாலு நாளைக்கி. அங்க என்ட வாக்கு இனி ஓடாது மகன், ஓடவும் கூடாது. குடுத்த வாக்கக் காப்பாத்த ஏலாத ஆள் வாக்குக் குடுக்கப்படாது. புதுசா ஒரு வாக்கு வேணும். அத குடுக்க ஏலுமானவர் அந்த மனேஜர்தான். அவர்ட வாயால வரணும்."

எனக்கு அன்று அது கைவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் என் வேலைக்காலம் முழுவதும் நான் கேட்ட அறிவுரைகளில் அதற்கு மேல் ஒன்றில்லை. மாற்றம் வந்த இடத்தில் பழைய மனிதரைக் கூட்டிவந்து பேசவைத்து மனத்தை ஆற்றப் பார்க்காதீர்கள். இப்போது அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் புதிதாக நம்பிக்கை கொடுக்க வேண்டும்.

ஆவணி பிறந்தது. தலதா மாளிகைப் பெரஹரா ஊர்வலம் நடக்கும் காலத்தில் கண்டி எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கடைசி நாள், பகல் பெரஹரா முடிந்ததும் சனம் முழுவதும் ஒரே நேரத்தில் ஊருக்குத் திரும்ப ஸ்டாண்டுக்கு வரும். முந்திய காலத்தில் அன்று டிரைவர்மார் சாப்பாட்டை மறந்து ஓடுவார்கள். வந்த பஸ்ஸைத் திருப்பி, நின்றவர்களை ஏற்றி, கடைசிக் குடும்பம் போகும்வரை ஓட்டம் நிற்காது. யாரும் சொல்லிச் செய்ததில்லை.

அந்த வருடம் எல்லாம் சட்டப்படி நடந்தது. வாங்குகள் நிறைந்ததும் கதவு சாத்தப்பட்டது. அட்டவணை நேரத்துக்குப் பஸ் புறப்பட்டது. தன் ஓட்டம் முடிந்த டிரைவர் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். பிற்பகலில் ஸ்டாண்ட் நிரம்பி வழிந்தது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிய தகப்பன்மார், வெள்ளை உடுத்த சிங்களக் கிழவிகள், தெல்தோட்டைத் தோட்டங்களிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த குடும்பங்கள். மறுபக்க மரநிழலில் டிரைவர்மார் வட்டமாக உட்கார்ந்து சோற்றுப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பஸ்கள் வெறுமையாக நின்றன.

சனம் என் டைம்கீப்பர் கொட்டிலின் பலகைச் சுவரை அடிக்கத் தொடங்கியது. ஒரு பொலிஸ்காரர் வந்து, இன்னும் கொஞ்ச நேரத்தில் கல் விழும் என்று சொல்லிவிட்டுப் போனார். மனேஜர் உள்ளே நின்றார்.

"இது வேலைநிறுத்தம்," என்றார். "நான் போய் உத்தரவு போடுறன். மறுத்தால் இண்டைக்கே வேலையால நிப்பாட்டுவன்."

நான் அவர் வழியை மறித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஆனால் என் தீர்ப்பில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"உத்தரவு போட்டா அவங்க சரி எண்டு செல்லுவாங்க, சேர். அந்தச் சரிய வச்சி இந்தச் சனத்துல பாதிப் பேரக்கூட அனுப்ப ஏலாது. அவங்கள்ட கேளுங்க."

"என்னத்தைக் கேக்கிறது?"

"உங்களுக்குத் தெரியாதத."

அவர் என்னையே பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். நானும் பின்னால் போனேன். டிரைவர்மார் எழுந்து நின்றார்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"ஓட்டம் முடிஞ்சி, சேர்," என்றார் காசிம் நானா. "அட்டவணையில இந்த நேரம் ஓய்வு எண்டு ஈக்கி."

"ஓம். அதை எழுதினது நான்தான்." மனேஜர் ஸ்டாண்டின் பக்கம் கையைக் காட்டினார். "எனக்கு அட்டவணை போடத் தெரியும். இந்தச் சனத்தை எப்பிடி வீட்டை அனுப்பிறதெண்டு தெரியேல்லை. உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கோ."

கம்பளைப் பக்கத்து டிரைவர் ஒருவர் வாயைத் திறந்தார். "நாங்க அட்டவணைக்கு மேல ஓடினா, நாளைக்கி இவருக்கு வந்த மாதிரி எங்களுக்கும் கடிதம் வருமா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

மனேஜர் என் பக்கம் திரும்பவில்லை. அவர்களைப் பார்த்தே சொன்னார்: "இவருக்குக் குடுத்த கடிதம் பிழை. சுவரில ஒட்டினதும் பிழை. ரெண்டையும் நான் எடுக்கிறன். இண்டைக்கு நீங்கள் செய்யிற எதுக்கும் நான் பொறுப்பு."

காசிம் நானா குனிந்து சோற்றுப் பார்சலை மடித்தார். போத்தல் தண்ணீரில் கையைக் கழுவினார்.

"தம்பி," என்று என்னைக் கூப்பிட்டார், "தெல்தோட்டைச் சனத்த இந்தப் பக்கம் பிரிச்சி நிப்பாட்டுங்க. கம்பளைக்கிப் போறவங்க அந்தப் பக்கம். புள்ளகுட்டியோட ஈக்கிறவங்க முதல்ல." பிறகு மனேஜரிடம், "சேர், கதவுக்கிட்ட ஒரு ஆள் வேணும். நீங்க நிப்பீங்களா?" என்றார்.

மனேஜர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்க் கதவில் நின்றார். இருட்டும் முன் ஸ்டாண்ட் வெறிச்சோடிவிட்டது.

மறுநாள் அறிவித்தல் சுவரில் இல்லை. எந்தெந்தக் காரணத்துக்கு நிறுத்தலாம் என்று ஒரு விதி எழுத மனேஜர் டிரைவர்மாரைக் கூட்டினார். காயம், பிரசவம், காய்ச்சல் என்று எழுதிக்கொண்டே போனார். காசிம் நானா குறுக்கிட்டார்.

"எழுதாதீங்க, சேர். எழுதினதுல இல்லாத ஒண்டு றோட்டுல வந்து நிக்கும்."

நீண்ட நேரம் பேசினார்கள். இம்முறை டிரைவர்மார் எதிர்த்துப் பேசினார்கள், குரல் உயர்த்தினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசியில் மனேஜர் சொன்ன சொல் இதுதான்: "டிரைவர் ஓரிடத்தில நிப்பாட்டினால், முதல்ல அவரை நம்புவம். கேள்வி பிறகு." பலகாரக் கூடை ஏற்றுகிறவனை மற்ற டிரைவர்மாரே பார்த்துக்கொள்வதாகப் பொறுப்பெடுத்தார்கள். பார்த்துக்கொள்ளவும் செய்தார்கள். ஒவ்வொரு டிரைவருக்கும் நிரந்தரமாக ஒரு பஸ் ஒதுக்கப்பட்டது. அட்டவணையும் ஓய்வுநாளும் அப்படியே இருந்தன. அவற்றை விட்டுக்கொடுக்க ஒருவரும் தயாராக இல்லை.

எல்லாம் பழையபடி ஆனதென்று நினைக்காதீர்கள். பஸ்ஸை வீட்டு வாசலில் நிறுத்த அனுமதி கேட்கட்டுமா என்று காசிம் நானாவிடம் கேட்டேன். "வேணாம் தம்பி," என்றார். "அது முதலாளிக்கும் எனக்கும் ஈந்த ஒண்டு. இது வேற." கடைசிவரை நல்ல டிரைவராக இருந்தார். ஆனால் ஓய்வுநாளில் அவர் ஒருபோதும் கராஜ் பக்கம் வந்ததில்லை. எவ்வளவு தருவது என்ற அளவை அவரே தீர்மானித்துக்கொண்டார், அது அவருடைய உரிமை. அதற்காக யாரையும் நன்றியில்லாதவர் என்று சொல்லாதீர்கள். முறிந்த எலும்பு பொருந்தும். மழைக்காலத்தில் வலிக்கவும் செய்யும்.

பழைய முதலாளியைக் கண்டேயிராத ஆட்கள் பிறகு கம்பெனியில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவன் செல்லையா, தோட்டத்தில் பிறந்து டவுனுக்கு வந்து டிரைவிங் பழகியவன். அவனுக்குத் தெரிந்த ஒரே முதலாளி இந்த மனேஜர்தான்.

அடுத்த பெருமழையில் மகாவலி கரைபுரண்டது. கம்பளைக்குப் போன செல்லையாவின் பஸ் திரும்பி வரவில்லை. மனேஜரும் நானும் கொட்டிலில் காத்திருந்தோம். கெலிஓயாவில் றோட்டின் மேல் தண்ணீர் என்று செய்தி வந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பொழுது சாயும் நேரத்தில் பஸ் ஊர்ந்து வந்து நின்றது. பக்கப் படங்குகள் கிழிந்திருந்தன, உள்ளே முழங்காலளவு சேறு, பாய்கள், ஒரு கோழிக்கூடு. செல்லையா தலையிலிருந்து கால்வரை சேறாகி இறங்கினான். பள்ளத்து வீடுகளிலிருந்த சனத்தை, அவர்கள் நின்ற இடமெல்லாம் நிறுத்தி ஏற்றி, மேட்டுப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறான். ஒருமுறை அல்ல, தண்ணீர் பஸ் சக்கரத்தை மூடும்வரை.

மனேஜர் அவன் முன்னால் போய் நின்றார். "ஆர் உமக்கு இதைச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க," என்றான். "தண்ணி ஏறிச்சு. பஸ் கையில இருந்துச்சு."

மனேஜர் பஸ்ஸைச் சுற்றி ஒருதரம் நடந்தார். சேற்றையும் கிழிந்த படங்கையும் பார்த்தார். கோழிக்கூட்டைக் கண்டு சற்று நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"பெடியன் குளிர்ல நடுங்கிறான். அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஏதும் சாப்பிடக் குடும். மிச்சத்தைப் பிறகு கேக்கிறன்."

அவர் அதன் பிறகு கண்டியில் பல வருடம் இருந்தார். கேட்கவே இல்லை.